நெற்றி விளக்கு

பேராசிரியர் சுடலைமுத்துவின் வகுப்பில் அன்று நாற்பது நிமிடத்தில் நான்கு விளக்குகள் எரிந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம், ஜெசிந்தாவின் வகுப்பில் நூற்றுப் பதினேழு.

மறைக்க வழியில்லை. பொருநைப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வகுப்பறை வாசலுக்கு மேலேயும் ஒரு பலகை உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு எத்தனை முறை புரிந்தது என்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அது காட்டிக்கொண்டே இருக்கும். பாடம் முடித்து வெளியே வந்த சுடலைமுத்து தன் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பலகையைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூற்றுப் பதினெட்டு ஆயிற்று.

ஒரு விஷயம் புரிகிற கணத்தில் மனித மூளையில் குறிப்பிட்ட ஓர் அலை எழுகிறது. அதைக் கண்டுபிடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விரல் அகல நெற்றிப்பட்டைக்குள் அடங்கிய தெளிமானி அந்த அலைக்காகக் காத்திருக்கும். அலை எழுந்ததும் பட்டையின் நடுவில் கடுகளவு விளக்கு நீலமாக எரியும். அடுத்த குழப்பம் வந்து அதை அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். "பத்திருச்சு" என்பார்கள் மாணவர்கள். புரிந்ததை அளக்கக் கருவி வந்த பிறகு தேர்வு எதற்கு என்று கேட்டு, தேர்வுகளை ஆண்டுக்கு ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள். ஆசிரியரை மதிப்பிடவும் வாசல் பலகையில் தெரியும் அந்தத் தெளிவெண்தான். வகுப்பறையோடும் அது நிற்கவில்லை. எந்தக் கூட்டமானாலும் பேசுகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் பட்டை அணிய வேண்டும் என்பது நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது.

இருபத்தாறு ஆண்டுகளாகச் சுடலைமுத்து வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல குரல். மூலக்கூறுகள் மோதுவதை அவர் விவரித்தால் மோதுகிற சத்தமே கேட்கும் என்பார்கள். இயற்பியல் துறைப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நின்று கேட்ட காலம் உண்டு. பாடம் முடிந்ததும் கைதட்டல் விழும். கைதட்டினால் புரிந்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். தெளிமானி வந்து அப்படி இல்லை என்று சொல்லிவிட்டது.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர். வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. முதல் வரிசையைத் தாண்டாத குரல். அவர் பாடமே நடத்துவதில்லை என்பது சுடலைமுத்துவின் குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருந்தது. நால்வர் உட்காரும் பதினைந்து வட்ட மேசைகளில் அறுபது மாணவர்கள். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஜெசிந்தா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். ஒரு மேசைக்குள் நான்கு விதமான பதில் வரும். சண்டை போடுவார்கள். பக்கத்து மேசைக்குப் போய் அவர்களை மாற்றப் பார்ப்பார்கள். சோதித்துப் பார்க்கக் குடுவையும் உப்பும் கேட்பார்கள். ஜெசிந்தா கேட்டதைக் கொடுப்பார். பதிலை மட்டும் கொடுக்கமாட்டார்.

"அதுக்கு எதுக்கு ஒரு பேராசிரியை? கேள்விய ஒட்டிட்டுக் கதவச் சாத்திட்டு வந்திரலாமே" என்றார் சுடலைமுத்து, மறுநாள் காலை உணவின்போது.

அவர் மனைவி வடிவு மின்வாரிய அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எந்திரிச்சதுலேருந்து அந்தப் பிள்ளை பேர ஆறு தடவ சொல்லிட்டிய. இட்லி ஆறுது, சாப்பிடுங்க."

"நான் எங்க சொன்னேன்?"

"சரி, சொல்லல. போய் அவ எப்படித்தான் நடத்துதான்னு ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு வாங்களேன்."

அதையே சாக்காக வைத்து அவர் போனார். பார்வையாளரானாலும் பட்டை அணிய வேண்டும். கடைசி மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த மேசையில் இசக்கியம்மாள் இருந்தாள். ஆலங்குளத்துப் பெண்; எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பவள். முந்தைய ஆண்டு அவருடைய வகுப்பில் இருந்தபோது அவள் கேள்விகளால் பாடம் முடியாமல் போகிறதென்று அவரே அவளை அடக்கியிருக்கிறார். இங்கே அவள் எழுந்து நின்று, மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

ஜெசிந்தா மேசைக்கு மேசை போய் மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை வைப்பதைச் சுடலைமுத்து கவனித்தார். சீட்டைப் பிரித்ததும் விளக்குகள் பரபரவென்று பற்றத் தொடங்கின. முந்தின நாள் மாலை இதே மாணவர்களில் நான்கு பேரோடு ஜெசிந்தா கேண்டீனில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததையும் அவர் பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாள்! சீட்டில் இருப்பது விடை! இத்தனை நாள் தன்னைக் குறுகவைத்த எண்ணிக்கை வெறும் நாடகம்!

அவருடைய நெற்றி கதகதவென்று ஆயிற்று.

"ஏ, சாருக்கும் பத்திருச்சு!" என்று கத்தினாள் இசக்கி.

அறுபது பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜெசிந்தா ஜன்னலை விட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "சார், எந்த இடத்துல புரிஞ்சுது? சொல்லுங்க சார், பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்."

"அது... பொதுவா" என்றார் அவர்.

வகுப்பு கலைந்ததும் மேசைமேல் கிடந்த சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். துறைத்தலைவருக்குக் கொடுக்கவேண்டிய புகாரின் முதல் வரி மனத்தில் தயாராக இருந்தது. சீட்டைப் பிரித்தார்.

அதில் விடை இல்லை. சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய நான்கு தவறான பதில்கள் இருந்தன. கீழே ஒரு வரி: 'இவற்றில் எது உங்களை மிகவும் ஏமாற்றுகிறது? ஏன்?'

இசக்கியைக் கூப்பிட்டுக் கேண்டீன் விஷயத்தையும் கேட்டார். "அதுவா சார்? போன வாரம் எது புரியலன்னு மேடம் கேப்பாங்க. நாங்க சொல்லுவோம். அதிலேருந்துதான் கேள்வி எடுப்பாங்க" என்றாள்.

அவள் போன பின் வெகுநேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா நேர்மையானவள் என்று தெரிந்ததில் அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவரை உட்கார வைத்தது அது இல்லை. தான் முடிவுகட்டியது முழுக்க முழுக்கத் தவறு. ஆனாலும் விளக்கு எரிந்திருக்கிறது. அறுபது பேர் பார்க்க எரிந்திருக்கிறது. அப்படியானால் தெளிமானிக்குச் சரியும் தவறும் தெரியாது. புரிந்துவிட்டது என்று மனம் மகிழ்ந்தால் போதும்.

உடனே எழுந்துபோய் இதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞானி என்றால் அதைத்தான் செய்வார். சுடலைமுத்து எழுந்தார், வராந்தா வரை வந்தார். ஜெசிந்தாவின் வகுப்பறைப் பலகையில் அன்றைய எண் இன்னும் அழியாமல் இருந்தது: இருநூற்று ஆறு. திரும்ப உள்ளே போய்விட்டார்.

இருபத்தாறு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவருக்கு எந்தத் தவறு மனித மனத்தில் இனிப்பாக இறங்கும் என்பது அத்துப்படி. அவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விடப் பழையது, அழகானது: அணுக்களுக்கு இடையிலான பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியே பாய்கிறது. உண்மை நேர்மாறானது. பிணைப்பை உடைக்க நாம்தான் ஆற்றல் செலவழிக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் வெப்பம் வெளியேறும். அது ஒருபோதும் மனத்தில் எளிதாக இறங்காது. முதலில் இனிப்பான தவறைக் கொடுப்போம், விளக்கெல்லாம் எரியட்டும்; நாளைக்கு அதை உடைத்து உண்மையைச் சொல்வோம், இரண்டாம் தடவையும் எரியும் என்று அவர் திட்டம் போட்டார். ஜெசிந்தா செய்வதும் ஏறக்குறைய அதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் வகுப்பறையிலும் வட்ட மேசைகள் வந்தன. அந்த ஆண்டு இசக்கியின் பிரிவுக்கு வெப்ப இயக்கவியல் அவர் பாடம். ஆளுக்கொரு ரப்பர் பேண்டும், மேசைக்கொரு கத்தரிக்கோலும் கொடுத்தார்.

"நான் இன்னைக்குப் பேசப் போறதில்ல. நீங்களே செய்யுங்க. ஒருத்தர் இழுத்துப் பிடிங்க. இன்னொருத்தர் நடுவுல வெட்டுங்க."

பட், பட் என்று பதினைந்து மேசையிலும் ரப்பர் தெறித்தது. கையில் சுள்ளென்று அடித்தது. சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது.

"கையில பட்டது என்ன?"

"சக்தி சார்!"

"எங்கேருந்து வந்துச்சு?"

ஒரு மேசையில் ஒருவன் மெதுவாக, "பிணைப்புக்குள்ள இருந்து" என்றான். அவன் நெற்றி நீலமாயிற்று. பக்கத்திலிருந்தவளுக்கும் பற்றிற்று. காய்ந்த சருகில் தீ போகிற மாதிரி மேசை மேசையாக நீலம் போயிற்று. சுடலைமுத்து அப்படி ஒரு காட்சியைத் தன் வகுப்பில் பார்த்ததே இல்லை.

இசக்கி எழுந்தாள். அவள் நெற்றி இன்னும் இருட்டாகவே இருந்தது. "சார், உடைஞ்சா சக்தி வெளிய வரும்னா, பிணைப்பு உருவாகும்போது சக்தி உள்ள போகணும். அப்போ அணுக்கள் சேரும்போது குளிரணும். அப்படித்தானே?"

அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். அவள் அவர் கையில் கொடுத்தது ஒரு கதவின் சாவி. 'அப்படியா? சோதித்துப் பார்ப்போமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தவறு அங்கேயே சிதறியிருக்கும். ஆனால் ஐம்பத்தேழு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் கேள்வியை அனுமதித்தால் அத்தனையும் அணையும்.

"சரியாச் சொன்ன" என்றார்.

அவளுடையதும் எரிந்தது. அறுபதுக்கு ஐம்பத்தெட்டு, ஒரே சமயத்தில், பன்னிரண்டு நிமிடத்தில். வெளியே வந்தபோது ஜெசிந்தா தன் வாசலில் நின்று அவருடைய பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்.

மறுநாள் உண்மையைச் சொல்லவில்லை. துறைத்தலைவர் கோமதிநாயகம் காலையிலேயே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். "என்னவே செஞ்சீரு? ஒரே சமயத்துல இத்தன நெத்தி எரிஞ்சது பல்கலைக்கழகத்துலயே கிடையாது. பாடத்தப் பதிவு பண்ணியாச்சு. எல்லாக் கல்லூரிக்கும் போகுது!" ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு கல்லூரிகளில் மாணவர்கள் ரப்பர் பேண்டு வெட்டினார்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று சுடலைமுத்து நினைத்தார். அதற்கடுத்த வாரம் சிறந்த கற்பித்தலுக்கான கேடயம் கொடுத்தார்கள். போன ஆண்டு அது ஜெசிந்தாவின் மேசையில் இருந்தது. அவர் மேசைக்கு வந்த பிறகு அதை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து வேதியியல் நாள் வந்தது. தனிமங்களின் மாதிரிகளை உள்ளே வைத்துக் கண்ணாடிபோல் ஒரு பெரிய கட்டி வார்த்துத் துறை வாசலில் வைக்க மாணவர்கள் முடிவு செய்தார்கள். எப்பாக்சி பிசினையும் ஹார்டனரையும் கலந்தால் திரவம் தானாக இறுகிக் கட்டியாகும். சிறிது சிறிதாகக் கலக்கவும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. இசக்கிதான் பொறுப்பு. ஒரே தடவையில் ஊற்றினால்தான் கட்டிக்குள் கோடு விழாது என்று அவள் பிளாஸ்டிக் வாளியில் ஆறு லிட்டரையும் மொத்தமாகக் கலந்தாள்.

"ஐஸ் வைக்காண்டாமா?" என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு? எல்லாம் சேர்ந்து பிணைப்புதான உருவாகுது. குளிரத்தான் செய்யும்."

இருபது நிமிடத்தில் வாளி புகைந்தது. ஆய்வகம் முழுக்கப் புகை நிரம்ப, மற்றவர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். இசக்கி மட்டும் வாளியை வெளியே கொண்டுபோய்விடலாம் என்று அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். இளகிப்போயிருந்த அடிப்பாகம் அவள் இரண்டு கைகளிலும் கழன்று விழுந்தது.

சுடலைமுத்து மருத்துவமனைக்குப் போனபோது ஜெசிந்தா அங்கே ஏற்கெனவே இருந்தார். முழங்கை வரை கட்டுப்போட்டிருந்த இசக்கிக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற சுடலைமுத்துவுக்கு, அந்த நேரத்திலும், தனக்கு முன்னால் இவள் வந்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கட்டுகள் கண்ணில் பட்டன.

"நான் உங்க பாடத்தத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போலிருக்கு சார்" என்றாள் இசக்கி. "எங்க தப்பு விட்டேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். பிடிபடல. அன்னைக்கு நல்லாப் புரிஞ்சுதே."

"நீ தப்பாப் புரிஞ்சுக்கல" என்றார் அவர். "நான்தான் தப்பாச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஜெசிந்தாவின் கையில் ஸ்பூன் நின்றது. இசக்கி அவரைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. நம்பவே முடியாதவளாக, "இல்ல சார், எனக்கு வெளக்கு எரிஞ்சுதே" என்றாள்.

அடுத்த நாள் ஒரு பெட்டி நிறையக் காந்தத் துண்டுகளோடு வகுப்புக்குப் போனார். இரண்டிரண்டாக ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்கச் சொன்னார். "பிரிக்கறதுக்குக் கை வலிக்குது இல்லையா? செலவு உங்களோடது. பக்கத்துல கொண்டுபோங்க. தானா ஓடிப்போய் டக்குனு ஒட்டுது. அந்தச் சத்தம்தான் வெளிய வர்ற சக்தி. பிணைப்பு அப்படித்தான். போன தடவ நான் சொன்னது பொய்." தன் வாழ்நாளிலேயே நன்றாக நடத்திய பாடம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு விளக்கும் புதிதாக எரியவில்லை. ஐம்பத்தொன்பது பேரில் ஐம்பத்தேழு பேர் நெற்றியில், பிணைப்பு என்றதுமே திரும்பி வந்த பழைய நீலம் அணையாமல் அப்படியே இருந்தது. ஏற்கெனவே தெளிந்த மனத்தில் குழப்பம் நுழையவே இல்லை. மரியாதையாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். முன் மேசையிலிருந்த ஒருவன் ஆறுதலாகச் சொன்னான்: "ரெண்டும் சரிதான சார்? உடைச்சாலும் சக்தி வரும், சேந்தாலும் வரும்."

மூன்று நாள் கழித்துத் தாளில் எழுதச் சொல்லிப் பார்த்தார். நாற்பத்தேழு பேர் ரப்பர் பேண்டையே எழுதியிருந்தார்கள். படம் வரைந்து, பாகங்களைக் குறித்து.

அன்று மாலை நான்கு மணிக்கு ஜெசிந்தாவின் அலுவல் அறைக்கு அவரே போனார். அதுவரை ஒரு தடவைகூட அந்த வாசலை மிதித்ததில்லை.

"இத எப்படி அழிக்கறதுன்னு சொல்லுங்க, மேடம்."

ஜெசிந்தாவுக்குக் கோபம் இருந்தது. அதை அடக்கிக்கொண்டுதான் பேசினார். "சொல்லி அழிக்க முடியாது சார். அவங்களே போய் மோதிக்கணும். இதுதான் நடக்கும்னு அவங்க நினைக்கறத முதல்ல எழுத வைக்கணும். அப்புறம் சோதனைய அவங்க கையால செய்யணும். குளிரும்னு எழுதினவன் கையில சுடணும். அப்பவும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பான். மறுபடி வேற சோதனை. எனக்கு மூணு வாரம் வேணும். ஒரு விளக்குகூட எரியாத மூணு வாரம்."

"எரியாமலேவா? உங்க வகுப்புலதான் இருநூறு எரியுதே."

"எரியற விளக்கப் பாத்தா எனக்குப் பயம் சார். எரிஞ்ச உடனே அடுத்த கேள்வியப் போட்டு அணைச்சிருவேன். மறுபடி பத்தும், மறுபடி அணைப்பேன். பலகைக்கு எரியறத மட்டுந்தான் எண்ணத் தெரியும். அணைஞ்சத அது எண்ணாது."

மூன்று ஆண்டுகளாக அவர் பொறாமைப்பட்டது எதைப் பார்த்து என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்படியும் பொறாமை குறையவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பாடத்தைத் திரும்பப் பெறவும், மூன்று வாரம் பலகைகளை அணைத்துவைக்கவும் கல்விக் குழு அனுமதிக்க வேண்டும். கோமதிநாயகம் தலைமையில் ஏழு பேர் கூடினார்கள். ஜெசிந்தாவையும் அழைத்திருந்தார்கள். சுடலைமுத்து எழுந்து நின்று எதையும் மறைக்காமல் சொன்னார். கேண்டீனில் பார்த்தது, சீட்டு, தன் நெற்றியில் தவறுக்கு எரிந்த விளக்கு, பொறாமை, ரப்பர் பேண்டு, 'சரியாச் சொன்ன' என்ற அந்த ஒரு வார்த்தை. "தெளிமானிக்கு உண்மை தெரியாதுங்க. நமக்குப் பிடிச்சுப்போனா எரியும். அவ்வளவுதான்" என்று முடித்தார்.

ஏழு நெற்றிகளும் இருட்டாகவே இருந்தன. ஒருவர் கையிலிருந்த பேனாவைத் திருகினார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார். நாட்டில் ஒன்பது ஆண்டுகளாகத் தெளிமானியை வைத்து நடந்த அத்தனையும் தவறாக இருக்கலாம் என்று ஒரு மனிதர் சொல்கிறார். அதை அவர்களால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"உக்காரும்வே" என்றார் கோமதிநாயகம் அன்பாக. சுடலைமுத்து உட்கார்ந்து, வழக்கப்படி பட்டையை அணிந்துகொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன்" என்று கோமதிநாயகம் எல்லோரையும் பார்த்தார். "டப்பால என்ன எழுதியிருக்கு? சிறிது சிறிதாக் கலக்கணும்னு எழுதியிருக்கு. பிள்ளைக்கு விழா அவசரம். அதக் கவனிக்கல. அவ்வளவுதான் நடந்தது. இதுக்குப் பாடம் என்ன செய்யும், பட்டைதான் என்ன செய்யும்? நம்ம சுடலைக்கு இளகின மனசு. கையில கட்டோட பிள்ளையப் பாத்ததும் தாங்கல. பழியத் தன் தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு. நல்ல ஆசிரியன் யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பான்."

அறை லேசாயிற்று. பேனாவைத் திருகிக்கொண்டிருந்தவரின் நெற்றி நீலமாயிற்று. பிறகு தண்ணீர் குடித்தவருடையது. ஒவ்வொன்றாகக் குழுவினர் எல்லோருடையதும் எரிந்தது. பேசி முடித்துப் பட்டையைப் போட்டுக்கொண்ட கோமதிநாயகத்துக்கும் எரிந்தது.

"எனக்குப் புரியலையே சார்" என்றது ஒரு சின்னக் குரல். ஜெசிந்தா எழுந்திருந்தார். "டப்பாவ இசக்கி படிச்சிருக்கா. நான் கேட்டேன். சிறிது சிறிதாங்கறது சிந்தாம இருக்கறதுக்குன்னு நெனச்சிருக்கா. சூடாகும்னு அவளுக்கு ஏன் தோணல? அதுக்குப் பதில் நீங்க சொன்னதுல இல்லையே?"

"மேடம், ஒருத்தருக்குப் புரியலங்கறதுக்காகக் கூட்டத்த நிறுத்த முடியாது."

சுடலைமுத்து துள்ளி எழுந்தார். "அவங்க கேக்கறது சரி! நடந்தது நான் சொன்னதுதான். நீரு சொன்ன காரணத்த நான் ஒத்துக்கிடல. எனக்கும் அது புரியல!"

யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்துவிட்டார். "வே, உம்ம நெத்தியத் தொட்டுப் பாரும்."

தொட்டார். கதகதப்பாக இருந்தது. மேசைக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். நெற்றி நடுவில் நீலம் நின்று எரிந்துகொண்டிருந்தது. தான் குற்றவாளி இல்லை என்று ஒருவர் சொன்ன அந்த அரை நிமிடத்தில், அவருக்குத் தெரியாமலே அவர் மனம் அதைத் தாவிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"இதுதான்! இதத்தான் சொல்லுதேன்!" என்று கத்தினார். "தப்புக்கும் எரியும்னு சொன்னேன்லா? பாருங்க, என் நெத்தியிலேயே எரியுது! இதவிட என்ன சாட்சி வேணும்?"

"சாட்சி போதும், உக்காருங்க சார்" என்றார் தண்ணீர் குடித்தவர், கனிவாக.

பாடத்தை நீக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். இனி விழா வேலைகளில் டப்பாக் குறிப்புகளை உரக்கப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்கள். கூட்டக் குறிப்பின் கடைசி வரியைச் செயலாளர் எழுதிவிட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்: 'ஐயம் எழுப்பிய பேராசிரியரும் இறுதியில் தெளிவடைந்தார்.'

நாற்காலிகள் நகர்ந்தன. எட்டு நெற்றிகள் நீலமாக வாசலை நோக்கிப் போயின. ஜெசிந்தா மட்டும் இருந்த இடத்திலேயே, புருவத்தைச் சுருக்கி, முன்னாலிருந்த தாளை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பட்டை இருட்டாக இருந்தது. வாசலில் நின்று சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார். நூற்றுப் பதினேழையும் இருநூற்று ஆறையும் பார்த்தபோதுகூட அவர் அந்தப் பெண்ணின்மேல் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.